இரட்டைக் கிளி டின்

சீனிவாசலு நாயுடுவின் பீளமேட்டுப் பங்களாவில் பொங்கியண்ணனுக்கு இருந்தது ஒரே வேலை: தண்ணீரைப் பார்த்துக்கொள்வது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊற்று இருக்கிறது, மீன் இருக்கிறது, தினமும் இறைப்பு இருக்கிறது. அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நாயுடு கட்டியிருந்தது கிணறு அல்ல. நாற்பதடி நீளம், இருபதடி அகலம்; ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் கழுத்தளவு ஆழம். சிமென்டு பூசி, வெள்ளை ஓடு பதித்து, இறங்குவதற்கு நான்கு படிகளும் பிடித்துக்கொள்ளப் பித்தளைக் கம்பியும் வைத்த நீச்சல் தொட்டி. ஊற்றும் இல்லாமல் போக்கும் இல்லாமல் அதில் தண்ணீர் கிடந்தது. அப்படிக் கிடக்கிற எதுவும் கெட்டுப்போகும் என்பது பொங்கியண்ணனுக்குத் தெரியும். அதனால் அவருக்கு ஓய்ச்சல் இல்லை.

அவர் சோமனூருக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க்காரர். மூன்று பங்காளிகளுக்கு ஒரு கிணறு. யாருக்கு எந்த நாள் இறைப்பு என்பதில் தகராறு வந்து, கடைசியில் தன் முறையை அண்ணனுக்கே விட்டுவிட்டு, மனைவி கருப்பாத்தாளோடு பீளமேட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. பெருந்தன்மையால் விட்டுக்கொடுத்தார் என்று சொல்வதற்கில்லை. தன் முறை நாளில் அண்ணன் மடையைத் திருப்பிவிடுவானோ என்று வரப்பிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்த உளைச்சல் தாளாமல் விட்டார். இங்கே வந்தும் உளைச்சல் அவரை விடவில்லை.

"ரோசனை பண்றதுக்கு ஒண்ணுமே இல்லாட்டி, ஏன் ஒண்ணுமே இல்லைன்னு ரோசனை பண்ணுவீங்க" என்பாள் கருப்பாத்தாள்.

நாயுடுவுக்கு ஒரே மகள், ரங்கநாயகி. பத்து வயது. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. தண்ணீருக்குள் நின்று காலை ஆட்டிப் பழகினால் பலம் வரும் என்று மதராஸ் டாக்டர் ஒருவர் சொன்னார். ஜின்னிங் பாக்டரி வைத்திருந்த நாயுடு அந்த வருஷப் பருத்தி விற்றதும் தொட்டியைக் கட்டிவிட்டார். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, தாயார் பங்காரம்மா புடவையோடு இறங்கிக் கையைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண் அரை மணி நேரம் தண்ணீரில் இருப்பாள். தரையில் இரண்டு பேர் தோள் கொடுத்து நடக்கிறவள், தண்ணீருக்குள் யாரும் தொடாமல் நின்றாள். ஒன்றரை வருஷத்தில் கண்ட பலன் அவ்வளவுதான். அது கொஞ்சமா அதிகமா என்பதை, பிறந்ததிலிருந்து நின்றே பழகியவர்கள் தீர்மானிக்க முடியாது.

முதல் மாதமே தண்ணீர் பச்சையடித்தது. பொங்கியண்ணன் கிணற்றுக்குச் செய்வதையே இதற்கும் செய்தார். சிங்காநல்லூர்க் குளத்திலிருந்து ஒரு குடம் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்து விட்டார். அன்று சாயங்காலம் ரங்கநாயகி போட்ட கூச்சலில் பாக்டரியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"காலைக் கடிக்குதும்மா!"

"கடிக்காதுங்க அம்மணி. அழுக்குத் திங்குது, அவ்வளவுதான்" என்றார் பொங்கியண்ணன்.

"அப்ப நான் அழுக்கா?"

மறுநாள் மீனையெல்லாம் துணி போட்டுப் பிடித்துக் கிணற்றில் விட்டார். உள்ளூர் டாக்டர் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். தினமும் அரைப்படி, பாசி பிடித்தால் நாலு படி. வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேலே நிற்கிற தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் கிடைத்த இடம் கோட்டைமேட்டுக்குப் போகும் சந்தில் இருந்த அப்துல் குத்தூஸ் ராவுத்தரின் சாயச்சரக்குக் கடை. சென்னிமலை, சோமனூர்ப் பக்கத்துச் சாயக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் சாயம், படிகாரம், காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடர் கொடுப்பவர். சரக்கு கொச்சி வழியாகக் கப்பலில் வருகிறது. எந்தச் சரக்கானாலும் டின்னின் மேல் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு சிவப்புக் கிளிகள், தகரத்திலேயே அச்சடித்தவை. கிளிகளுக்குக் கீழே ஒட்டிய காகிதத்தில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கும். குத்தூஸ் ராவுத்தர் சரக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை, டின்களை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, அந்தக் காகிதத்தைக் கத்தி முதுகால் சுரண்டி எடுப்பது.

"ஏனுங்க ராவுத்தரே, எதுக்கு அதைப் போய்ச் சொரண்டிக்கிட்டு இருக்கறீங்க?" என்று பொங்கியண்ணன் ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டார்.

"அதுல எழுதியிருக்கறது உங்களுக்குப் படிக்கத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"எனக்குந் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியாதது டின்னு மேல எதுக்குங்க குந்தியிருக்கோணும்?"

சிரித்தபடி சொன்னாலும் காரணம் வேறு. முன்பு ஒரு சாயக்காரர் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த யாரிடமோ காட்டி, கம்பெனியின் கொச்சி விலாசத்தைத் தெரிந்துகொண்டு, நேராகக் கடிதம் போட்டுச் சரக்கு வரவழைத்துக்கொண்டார். அன்றோடு ராவுத்தரின் படியை அவர் மிதிக்கவில்லை. அந்தச் சந்தில் சரக்கு விற்கிற எல்லோருமே விலாசத்தைச் சுரண்டித்தான் விற்றார்கள். சுரண்டுபட்டது விலாசம் மட்டும் இல்லை. சரக்கின் பெயரும் அதே காகிதத்தில்தான் இருந்தது. பெயர் போனால் என்ன, சுவரோரப் பலகைத் தட்டுகளில் வலது அட்டத்தில் இருப்பது பிளீச்சிங் பவுடர், இடது அட்டத்தில் இருப்பது காஸ்டிக் சோடா என்று ராவுத்தருக்குத் தெரியும். பொங்கியண்ணனுக்குக் கிளிகளைத் தெரியும். ஒன்றரை வருஷம் அது போதுமாக இருந்தது. போதுமாக இருந்த ஒன்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று தடவை தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிற பொங்கியண்ணன்கூடப் பார்க்கவில்லை.

முப்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை. கிணறு அடியைத் தொட்டிருந்தது. எண்ணெய் இன்ஜின் ஒரு மணி நேரம் இறைத்தால் மூன்று மணி நேரம் ஊறக் காத்திருக்க வேண்டும். தொட்டியின் மூலைகளில் பாசி கண்டது. செவ்வாய்க்கிழமை காலை பொங்கியண்ணன் முந்தின வாரம் வாங்கி வைத்திருந்த புது டின்னை உடைத்தார். நாலு படி, நாலு வாளி.

மூடியைத் திறந்ததும் மூக்கில் அறைகிற காட்டம் இல்லை. ஊசிப்போன சரக்கோ என்று நினைத்தார். உள்ளே மாவு இல்லை, உப்புச் செதில் மாதிரி இருந்தது. கட்டி தட்டிப்போயிருக்கும் என்று நினைத்தார். வாளியில் போட்டுக் குச்சியால் கலக்கினார். வாளியின் பக்கம் சுட்டது. வெயிலில் கிடந்த வாளி என்று நினைத்தார். வழக்கமாக அடியில் தங்கும் சுண்ணாம்புச் சேறும் தங்கவில்லை. எல்லாம் கண்ணாடி மாதிரி கரைந்துவிட்டது. நல்ல சரக்கு போலிருக்கிறது என்று நினைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலும் சரியாகத்தான் இருந்தது. முதல் பதில் இரண்டாவதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டிருந்தால் வாளியைக் கீழே வைத்திருப்பார். படிகள் இருக்கும் பக்கமாக இரண்டு வாளியை ஊற்றிவிட்டார்.

மூன்றாவது வாளியைத் தூக்கும்போது கொஞ்சம் தளும்பிக் காலில் விழுந்தது. குனிந்து துடைத்தார். விரல் வழுக்கியது. எண்ணெய் வழுக்கல் அல்ல, இது வேறு. ஊரில் வண்ணார் துறையில் உவர்மண் கரைத்த பானைக்குள் சின்ன வயதில் கையை விட்டிருக்கிறார். தோலே கரைந்து விரலோடு வருவது போன்ற அதே வழுக்கல். பிறகு எரிய ஆரம்பித்தது. கிணற்றடிக்கு ஓடிக் காலைக் கழுவினார். கழுவக் கழுவ வழுக்கியது. மேல்பாதத்தில் அரையணா அகலத்துக்குச் சிவந்துபோயிருந்தது.

காலை ஒன்பது மணி. நாலு மணிக்கு ரங்கநாயகி அந்தப் படியில் உட்கார்ந்து, மெலிந்த காலை முதலில் நீட்டி, முகத்தில் இரண்டு கை தண்ணீர் அள்ளி அடித்துக்கொண்டுதான் இறங்குவாள். அது அவள் வழக்கம்.

பொங்கியண்ணன் தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இன்னொரு நடை நடந்தார். தண்ணீர் எப்போதும் போலத்தான் இருந்தது. நாயுடு பாக்டரிக்குப் போயிருந்தார். கேட்டுவிட்டுச் செய்யலாம். கேட்டால், இந்தக் கோடையில் நிறைந்த தொட்டியைக் காலி பண்ணச் சொல்லுவாரா? பொழுது போகப் போக இது எங்கும் கலந்துவிடும், கலந்தால் கெடுதி இல்லை என்று யாராவது சொல்லுவார்களோ? சொல்லிவிட்டால்? மூன்றாவது நடையில் மண்வெட்டியை எடுத்தார். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால் தென்னந்தோப்புக்குத்தான் போகும். வாய்க்காலை வெட்டி, ஒன்றும் விளையாத கல்லாங்குத்துப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிட்டு வந்து, அடியில் இருந்த மதகைத் திறந்தார்.

நாயுடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது தொட்டியில் முழங்கால் அளவுதான் இருந்தது.

"என்ன பண்ணிட்டிருக்கே?"

"தண்ணியை உட்டுட்டேனுங்க மொதலாளி. மருந்து மாறிப்போச்சுங்க."

"மாறிப்போச்சுன்னு ஆரு சொன்னா?"

பொங்கியண்ணன் காலைக் காட்டினார். நாயுடு குனிந்து பார்த்தார். "பிளீச்சிங் பவுடர் பட்டாலும் எரியும்தானே?"

"எரியுமுங்க. ஆனா இப்படி வழுக்காதுங்க."

"வழுக்குச்சுன்னு ஒரு தொட்டித் தண்ணியை உட்டுட்டியா? தொட்டி திரும்ப நெறையறதுக்கு எத்தனை நாளாகும் தெரியுமா?"

"நாலு நாளுங்க."

"நாலு நாள் அவ காலு சும்மா கெடக்கோணும். சரி, உட்டதுதான் உட்டே, தென்னைக்காவது உட்டிருக்கலாமில்ல? பள்ளத்துக்கு எதுக்கு உட்டே?"

"தென்னை கருகிப்போயிருமோன்னுங்க..."

நாயுடு கத்தவில்லை. அவர் கத்தாதபோதுதான் ஆட்கள் பயப்படுவார்கள். "டின்னைத் தூக்கிட்டுப் போ. உள்ள இருக்கறது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வா. வேற என்னமோன்னா வந்து சொல்லு. பிளீச்சிங் பவுடர்தான்னா வராதே, அப்படியே ஊருக்குப் போயிரு. கருப்பாத்தாளை நான் பஸ் ஏத்தித் தாட்டி உடறேன்."

மேல் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டின்னைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் பஸ் ஏறினார். காலடியில் வைத்திருந்த சாக்கின் மேல் பக்கத்திலிருந்த அம்மாள் தன் பொரிகடலைப் பையை வைத்தாள். பொங்கியண்ணன் அதை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் மறுபடி கீழே வைத்தாள். அவர் மறுபடி எடுத்தார்.

"ஏனுங்க, டின்னுக்குள்ள என்ன, பாம்பா வெச்சிருக்கறீங்க?" என்றார் கண்டக்டர்.

"அது தெரியாமத்தானுங்க போயிட்டிருக்கறேன்."

பஸ்ஸில் சிரித்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் டின்னோடு இறங்கி, மீதி இரண்டு மைலை வெயிலில் நடந்தார். நடக்கும்போது தோன்றியது: அது வேறு மருந்தாக இருக்க வேண்டும் என்று தான் ஆசைப்படுகிறோம். அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஒன்று, நெருப்பாக இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டு ஒருவன் ரோட்டில் போகிறான். இது என்ன வேண்டுதல்? பிளீச்சிங் பவுடராகவே இருக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தார். உடனே ஊரும் கிணறும் அண்ணனும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். இரண்டு பக்கமும் நிற்க முடியாமல் வேகமாக நடந்தார்.

குத்தூஸ் ராவுத்தர் கடையில் தனியாக இருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரை.

"வாங்க கவுண்டரே. போன வாரந்தான வாங்குனீங்க, அதுக்குள்ள தீந்துபோச்சுங்களா? நாயுடு குடிக்கறாருங்களா?"

பொங்கியண்ணன் டின்னை இறக்கி மூடியைத் திறந்தார். "இது என்னன்னு சொல்லுங்க."

"பிளீச்சிங் பவுடர்."

"பாத்துச் சொல்லுங்க."

"வலது அட்டத்துல இருந்து நானே எடுத்துக் குடுத்தனுங்க. என்ற கடையில எனக்குத் தெரியாதா?" என்றபடி விரலை விடப் போனார். பொங்கியண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கையை உடாதீங்க" என்று காலைக் காட்டினார்.

ராவுத்தர் காலையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரக்கு கொஞ்சம் காத்துப் பட்டிருக்கும். அதுக்குப் போயி..."

"ஏனுங்க," திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. ராவுத்தரின் மனைவி உம்மல் குல்சும். "ஒரு மஞ்ச நூலை நனச்சுப் பாருங்க. பேசிக்கிட்டே நின்னா தெரிஞ்சிருமா?" திரைக்கு அடியில் ஒரு கை நீண்டு, ஒரு கிண்ணம் தண்ணீரையும் மஞ்சளில் தோய்த்த இரண்டு நூல் துண்டையும் வைத்துவிட்டுப் போனது.

சாயக்கடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது விளக்க வேண்டாத சோதனை. பிளீச்சிங் பவுடர் எந்த நிறத்தையும் தின்றுவிடும். மஞ்சள் நூல் முதலில் சிவந்தாலும் கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும். காஸ்டிக் சோடா நிறத்தைத் தின்னாது. மஞ்சளைச் சிவப்பாக்கி, சிவப்பாகவே வைத்திருக்கும். ராவுத்தர் கரண்டியால் ஒரு செதிலைக் கரைத்து ஒரு நூலைப் போட்டார். நூல் குங்குமமாகச் சிவந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சந்தில் ஒரு வண்டி போனது. ஒரு ஆள் வந்து படிகாரம் கேட்டார். ராவுத்தர் நிமிராமலே, "அப்பறம் வாங்க" என்றார். நூல் சிவப்பாகவே கிடந்தது.

பிறகு ராவுத்தர் எழுந்து இடது அட்டத்திலிருந்த ஒரு டின்னை எடுத்து உடைத்தார். கடை முழுக்கக் காட்டம் பரவியது. அதிலிருந்து ஒரு சிட்டிகையில் இரண்டாவது நூலைப் போட்டார். அது சிவந்து, பிறகு மெல்ல நிறம் விட்டு, வெறும் நூலானது.

"யாகூப்பு," என்றார் ராவுத்தர், மூச்சை விட்டு. யாகூப் அவருடைய மருமகன். "போன மாசம் சுண்ணாம்படிக்கறதுக்கு எல்லாத்தையும் எறக்குனான். திரும்ப வெக்கறப்ப மாத்தி வெச்சுப்போட்டான். எல்லாம் ஒரே கிளி. அவனுக்கு என்ன தெரியும்?"

"இந்த அட்டத்துல இருந்து வேற ஆருக்காச்சும் குடுத்தீங்களா?" என்றது திரை.

"இல்ல. சாயக்காரங்க ஆரும் இந்த மாசம் வரலை. இவருக்கு மட்டுந்தான்." ராவுத்தர் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். "கவுண்டரே, நல்ல டின்னு ஒண்ணு தாரேன். காசு வேண்டாம். நாயுடுகிட்ட, சரக்கு பழசு, காத்துப் பட்டு வீணாப்போச்சுன்னு சொல்லிப்போடுங்க."

"அப்பிடிச் சொன்னா என்ற வேலை போயிருமுங்க. பழைய சரக்குக்கா தொட்டியைக் காலி பண்ணுனேன்னு கேப்பாரு."

"வேற ஏதாச்சும் சொல்லுங்க. காஸ்டிக் சோடாவைக் குளிக்கற தண்ணிக்குக் குடுத்தான் குத்தூசுன்னு வெளிய போச்சுன்னா, இந்தக் கடைக்குள்ள எவன் நொழைவான்?"

பொங்கியண்ணன் டின் மூடியைப் போட்டு அழுத்தினார். "பொய் சொன்னா, அது சொன்ன எடத்துலயே நிக்குதான்னு தெனமும் திரும்பிப் பாத்துக்கிட்டே இருக்கோணுமுங்க ராவுத்தரே. எனக்கு இருக்கற ரோசனையே போதும்."

"அந்தப் புள்ளை கண்ணுல பட்டிருந்தா என்னங்க சொல்லுவீங்க?" என்றது திரை. "காத்துப் பட்டுருச்சுன்னா?"

ராவுத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து போய், மூலையில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த புது பிளீச்சிங் பவுடர் டின்களில் ஒன்றை எடுத்தார். காகிதம் ஊறி ஓரங்களில் எழும்பியிருந்தது. பழக்கத்தில் கை கத்திக்குப் போனது.

"காயிதத்தோட குடுங்க," என்றார் பொங்கியண்ணன்.

"கவுண்டரே..."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. உங்களுக்குந் தெரியாது. ஆனா படிக்கத் தெரிஞ்சவங்க இருக்கறாங்க. அவங்களுக்குன்னு இருக்கட்டுமுங்க."

ராவுத்தர் கத்தியைக் கீழே வைத்தார். எழும்பிய காகித ஓரங்களை உள்ளங்கையால் தடவித் திரும்ப ஒட்டிவிட்டார். விலாசம் இருந்த கீழ்ப்பகுதியைத் தடவும்போது கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் ஒட்டினார். "நாயுடுகிட்ட நடந்ததைச் சொல்லுங்க. தப்பு என்ற கடையிலன்னு சொல்லுங்க" என்றார். கூட வந்து அவரே சொல்லியிருக்கலாம். வரவில்லை. ஆனாலும் அன்று அவரால் முடிந்த தூரம் அதுதான் என்று பொங்கியண்ணனுக்குப் பட்டது. இரண்டு டின்களையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

பங்களாவுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. நாயுடு கீழ் வராந்தாவில் இருந்தார். ரங்கநாயகியையும் அங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். பொங்கியண்ணன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மஞ்சள் நூலைச் சொன்னார், யாகூப்பைச் சொன்னார், சுரண்டுகிற வழக்கத்தையும் சொன்னார். பழைய சரக்கென்று சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதை ஏன் விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

நாயுடு பழைய டின்னைப் பார்த்தார். மகளின் காலைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "பங்காரு, என் மூக்குக்கண்ணாடி எங்கே?" என்றார்.

"நான் படிக்கறேன்," என்றாள் ரங்கநாயகி. வீட்டுக்கு வந்து அவளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஒரு டீச்சரை வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அவளுடைய தண்ணீரில் போடுகிற மருந்தை அவளிடம் காட்ட வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. காகிதம் ஒட்டிய புது டின்னை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். "பிளீச்சிங் பவுடர். க்ளோரைடு ஆஃப் லைம். அப்புறம்... காத்துப் படாம மூடி வைக்கணும். உலர்ந்த, குளிர்ச்சியான எடத்துல வைக்கணும்." நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம ஊருல குளிர்ச்சியான எடம் எங்கப்பா இருக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. அவளே கொஞ்சம் சிரித்துவிட்டு, மேலே படித்தாள். கம்பெனியின் பெயர். கொச்சியில் தெருவின் பெயர். தபால் பெட்டி நம்பர்.

"இரு, இரு. திரும்பச் சொல்லு," என்று நாயுடு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல விலாசத்தை எழுதினார். பொங்கியண்ணன் பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் நின்றுபோன அந்தக் கை எதற்கு நின்றது என்று இப்போதுதான் முழுக்க விளங்கியது.

"இனி அந்தச் சந்துப் பக்கம் போகவே வேண்டாம். நேரா எழுதி ஒரு பெட்டியா வரவெச்சுக்கலாம்," என்றார் நாயுடு. "நீ போய்த் தொட்டியைக் கழுவு. இன்ஜினைப் போட்டுக்கலாம்."

வேலை போகவில்லை என்பதற்கு அதுதான் அர்த்தம். பொங்கியண்ணன் நகரவில்லை.

"என்ன?"

"மொதலாளி, ராவுத்தர் கடையிலயே வாங்கிக்கலாமுங்க."

"காஸ்டிக் சோடா குடுத்தவன்கிட்டயா?"

"ஆமாங்க. இன்னைக்கு மாறிப்போச்சு. டின்னைத் தூக்கிக்கிட்டு அங்க போய் நின்னேன், இது என்னன்னு கேட்டேன். ஒரு பதில் வந்துச்சுங்க. கொச்சியில மாறிப்போச்சுன்னா நான் டின்னைத் தூக்கிக்கிட்டு எங்கீங்க போவேன்?"

"அதுக்குத்தான் காயிதம் இருக்கே."

"காயிதம் வேணுமுங்க. காயிதத்தைச் சொரண்டாமத்தான் வாங்கோணும், அம்மணி படிச்சுத்தான் உடைக்கோணும். ஆனா காயிதத்துகிட்டப் போய்ச் சண்டை போட முடியாதுங்களே."

நாயுடு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவரைப் பார்த்தார். "அவன் உனக்கு என்ன சொந்தமா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

பொங்கியண்ணன் பழைய டின்னை ரங்கநாயகியின் காலிலிருந்து இன்னும் தள்ளி வைத்தார். "பெரிய பேச்சுத்தான் பேசறே" என்று நாயுடு நோட்டை மூடினார். விலாசம் எழுதிய தாளைக் கிழிக்கவில்லை; கொச்சிக்குக் கடிதம் எழுதுவேன் என்றும் சொல்லவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த நோட்டுக்குள் என்ன தீர்மானமாகும் என்பது இனிப் பொங்கியண்ணனின் கவலைகளில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். சேர்ந்தது என்பதை அவர் அப்போதே உணர்ந்தார்.

இருட்டுவதற்குள் தொட்டியின் படிகளையும் ஓடுகளையும் மூன்று தடவை கழுவிப் பள்ளத்துக்கு விட்டார். ஒவ்வொரு தடவையும், கருப்பாத்தாள் மஞ்சளில் தோய்த்துக் கொடுத்த நூலை நனைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை நூல் மஞ்சளாகவே இருந்தது. மதகை அடைத்து இன்ஜினைப் போட்டார். குழாயிலிருந்து கை மொத்தத்துக்குத் தண்ணீர் விழுந்து, ஆழப் பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் பரவியது.

வராந்தாவிலிருந்து ரங்கநாயகி குரல் கொடுத்தாள். "படி வரைக்கும் வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்க அம்மணி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். பொங்கியண்ணன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி அதையே சொன்னார்.